ஆடாசிட்டி ஃபேஸர்: முழுசாக ஏற்றினால் எஃபெக்ட்டே காணாமல் போகிறதே?

கிணற்றடிக்கதை:
வணக்கம். ஒரு பேய்க்கதையை ஒலிநாடகமாகச் செய்துகொண்டிருக்கிறேன். செத்துப்போன பாட்டி கனவில் வந்து "கிணத்துப் பக்கம் போகாதே" என்பாள். அந்த ஒரு வரி சுழன்று சுழன்று கேட்க வேண்டும் என்று, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் உள்ள ஃபேஸர் எஃபெக்ட்டைப் போட்டேன். முதலில் இருந்தபடியே விட்டுப் பார்த்தேன், லேசாக ஏதோ கேட்டது. சரி, இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும் என்று ட்ரை/வெட் குமிழை (மூலக்குரலும் எஃபெக்ட் ஏறிய குரலும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பது) அதன் உச்சமான 255 வரை ஏற்றினேன். இருந்ததும் போய்விட்டது! குரல் அப்படியே பழைய குரல். மூன்று முறை திரும்பப் போட்டும் அதே கதிதான். மென்பொருளில் கோளாறா, என் காதில் கோளாறா?

பெடல்பித்து:
ஃபீட்பேக்கை (வெளியே வரும் ஒலியைத் திரும்ப உள்ளே விடும் அளவு) 90-க்கு ஏற்றுங்க ப்ரோ. சும்மா பிச்சுக்கும்.

கிணற்றடிக்கதை:
ஏற்றினேன். பாட்டி தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து விசில் அடிப்பதுபோல் இருக்கிறது. திரையில் ஒலி அலையும் உச்சியில் போய் முட்டி நிற்கிறது.

பழையடேப்:
தம்பி, காதும் சரி, மென்பொருளும் சரி. முதலில் கண்ட்ரோல் இசட் அடித்து மூலக்குரலுக்கே திரும்பு. ஒன்றின்மேல் ஒன்றாக ஃபேஸர் ஏறிக் கிடந்தால் எது எதனால் என்று தெரியாது.

எக்கோ, ரிவெர்ப் பழக்கத்தில் 'வெட்' அதிகமானால் எஃபெக்ட் அதிகம் என்று நினைத்துவிட்டாய். ஃபேஸர் அப்படி இல்லை. அது குரலை ஆல்பாஸ் ஃபில்டர்கள் வழியாக அனுப்புகிறது. அவை எந்த அதிர்வெண்ணையும் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. ஃபேஸை மட்டும், அதாவது அலை ஏறி இறங்கும் நேரத்தை மட்டும், திருப்பும். அதை மட்டும் தனியாகக் கேட்டால் நம் காதுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. திருப்பிய குரலை மூலக்குரலோடு கலக்கும்போதுதான் சில அதிர்வெண்களில் இரண்டும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழிக்கும். அங்கே பள்ளம் விழும். எல்எஃப்ஓ என்ற மெதுவாக ஆடும் அலை அந்தப் பள்ளத்தை மேலும் கீழும் நகர்த்தும். நீ கேட்கும் சுழற்சி அதுதான். 255-ல் மூலக்குரலே இல்லை, பிறகு எதை எதோடு அழிப்பது? 128-ல் பாதிக்குப் பாதி. அங்கேதான் பள்ளம் ஆழம்.

தூக்கல் வேண்டுமென்றால் ஸ்டேஜஸை, அதாவது அந்த ஃபில்டர்களின் எண்ணிக்கையை, கூட்டு. இரண்டு ஸ்டேஜுக்கு ஒரு பள்ளம் என்று கணக்கு. 6 வைத்தால் மூன்று. ஃபீட்பேக் 30-ஐத் தாண்ட வேண்டாம், குரலுக்கு அதுவே அதிகம்.

பெடல்பித்து:
அண்ணன் சொல்வது சரி, என் 90-ஐ வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கிடார்காரன் புத்தி. 1974-ல் வந்த எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 என்ற கிடார் ஃபேஸர் பெடலில் வேகத்துக்கு மட்டும்தான் ஒரே ஒரு குமிழ். கலவையை அவர்களே உள்ளே வைத்துவிட்டார்கள், நாம் கை வைக்கவே முடியாது. அதனால் எனக்கு இந்த வம்பு வந்ததே இல்லை.

கிணற்றடிக்கதை:
128, ஸ்டேஜஸ் 6, ஃபீட்பேக் 25 வைத்தேன். இப்போது கேட்கிறது! ஆனால் இரண்டு சிக்கல். "கிணத்துப் பக்கம்" வரை நன்றாகச் சுழல்கிறது, "போகாதே" சப்பென்று முடிகிறது. அப்புறம், ஹெட்போனில் அட்டகாசமாக இருப்பது, ஒற்றை ஸ்பீக்கர் உள்ள என் பழைய போனில் பாதிகூட இல்லை.

பழையடேப்:
வரி எத்தனை விநாடி?

கிணற்றடிக்கதை:
1.8 இருக்கும்.

பழையடேப்:
எல்எஃப்ஓ 0.4 ஹெர்ட்ஸில் இருக்கிறதா? அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு 2.5 விநாடி. சுற்று முடியும் முன்னே பாட்டி பேசி முடித்துவிடுகிறாள். 0.55 வைத்தால் ஒரு முழுச் சுற்று அடங்கும். இல்லையென்றால் வேகத்தைத் தொடாமல் ஸ்டார்ட் ஃபேஸை (சுற்று எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது) 90, 180 டிகிரி என்று மாற்றிக் கேள். சுழற்சி எந்த எழுத்தில் உச்சம் தொட வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

போன் விஷயம்: உன் டிராக் ஸ்டீரியோவாக இருக்கும். ஸ்டீரியோவில் வலது பக்க எல்எஃப்ஓவை ஆடாசிட்டி 180 டிகிரி தள்ளி ஓட்டும். இடதில் பள்ளம் ஏறும்போது வலதில் இறங்கும். ஹெட்போனில் அது தலையைச் சுற்றும். ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் கலந்து, ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரப்பிவிடும். ஒரு மைக்கில் பேசிய குரலுக்கு ஸ்டீரியோ எதற்கு? டிராக்ஸ் மெனுவில் மோனோவாக்கிவிட்டு, அதன்மேல் ஃபேஸர் போடு.

பெடல்பித்து:
ஒரு யோசனை. பேச்சுக்குரலில் ஃபேஸர் அவ்வளவாகப் பிடிக்காது. இரைச்சல் கலந்த ஒலியில்தான் பிடிக்கும், அதனால்தான் 'ச', 'ஸ' வரும் இடங்களில் நன்றாகத் தெரியும். பிங்க் நாய்ஸ் என்ற 'ஷ்ஷ்' இரைச்சலைப் பத்து விநாடி உருவாக்கி அதில் ஃபேஸர் போட்டுப் பாருங்க, பள்ளம் நகர்வது காற்று சுழல்வதுபோல் கேட்கும். அதே வரியைக் கிசுகிசுப்பாக ஒரு முறை பேசி, அதற்கு மட்டும் ஃபேஸர் போட்டு, சுத்தமான குரலுக்கு அடியில் சன்னமாக ஓடவிடலாமே?

கிணற்றடிக்கதை:
செய்தாயிற்று. மோனோ, 0.55, கிசுகிசு டிராக்கின் ஒலி 9 டெசிபல் கீழே. போனிலும் வருகிறது. ராத்திரி பதினோரு மணிக்கு அடுக்களையில் நின்று கிசுகிசுப்பாகப் பேசிப் பதிவு செய்ததில் அம்மா எழுந்து வந்து யாரோடு பேசுகிறாய் என்று கேட்டுவிட்டார். அந்த டேக்கைத்தான் வைத்திருக்கிறேன், அம்மா குரலை மட்டும் வெட்டிவிட்டு.