ஜிட்டர்: நடுக்கமா, பிசிறா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே செய்துகொள்ளும் இசைப்பெட்டி பற்றிச் சென்ற மாதம் இந்தக் குழுமத்தில் எழுதிய குறிப்பில், துடிப்பின் நேரம் சற்று முன்பின் ஆவதைக் குறிக்கும் ஜிட்டர் (jitter) என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் 'கடிகார நடுக்கம்' என்று போட்டிருந்தேன். அதைப் படித்த மதுரை நண்பர் ஒருவர் தனிமடலில் கேட்டிருக்கிறார்: "பெட்டிக்கு அடியில் ரப்பர் வைத்துவிட்டேன். மேசையையும் சுவரை ஒட்டிப் போட்டுவிட்டேன். நடுக்கம் குறைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நடுக்கம் என்றால் நடுங்குவதற்கு ஓர் உடம்பு வேண்டும். கை நடுங்கும், நிலம் நடுங்கும். நண்பர் பெட்டியின் உடம்பைக் கண்டுபிடித்து ரப்பர் வைத்துவிட்டார். தவறு என் சொல்லில். அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறொன்றை முன்வைக்கிறேன். அதற்கு முன்னால், எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிடலாம்.

குறுந்தட்டில் ஒரு நொடி இசை, ஒவ்வொரு தடத்துக்கும் 44,100 எண்களாகக் கிடக்கிறது. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே 22.7 மைக்ரோ நொடி. எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அது ஒலியலையாக மாறுகிற நேரமும் சரியாக இருக்கவேண்டும். சரியான எண் தவறான நேரத்தில் வந்தால், வெளியே போகும் அலை தவறான எண் வந்ததைப் போலவே வளைந்துவிடும். அந்த நேரத்தைச் சொல்வது கடிகாரத் துடிப்பின் விளிம்பு, அதாவது கீழிருந்து மேலே எழும் அந்த ஒற்றைக் கோடு. அது சற்று முந்தியும் சற்றுப் பிந்தியும் வருவதுதான் ஜிட்டர். சராசரி வேகம் இதனால் மாறுவதில்லை. ஒரு மணி நேரக் கச்சேரி ஒரு மணி நேரத்தில்தான் முடியும். ஒவ்வொரு விளிம்பும் தன் இடத்தைச் சுற்றிச் சிதறுகிறது, அவ்வளவுதான்.

என் பெட்டியில் இருப்பது ராஸ்பெரி பை 3 என்ற சின்னக் கணினி, அதோடு சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பிசிஎம் 5102ஏ சில்லு (எண்களை ஒலியலையாக மாற்றும் டிஏசி) பதித்த ஊதா நிறப் பலகை. இந்தப் பையில் இசைக்கென்று தனிப் படிகம் (துடிப்பைத் தரும் குவார்ட்சு) கிடையாது. அந்த 44,100 முறையில் ஒவ்வொன்றுக்கும் இரு தடமும் சேர்த்து 64 துடிப்பு என்று வைத்தால், நொடிக்கு 28,22,400 துடிப்பு வேண்டும். பையின் உள்ளே ஓடுவதோ 500 மெகாஹெர்ட்ஸ். வகுத்துப் பாருங்கள், 177.15 வரும். முழு எண் வரவில்லை. அதனால் பை ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறது: பெரும்பாலும் 177 வரை எண்ணித் துடிக்கும், அவ்வப்போது 178 வரை எண்ணிவிட்டுத் துடிக்கும். மொத்தக் கணக்கு நேராகிவிடும், தனித்தனியாக எதுவும் நேராக இருக்காது.

இதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று, கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பரின் ஆய்வுக்கூடத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அலைவுகாட்டியில் ஒரு விளிம்பைப் பிடித்து நிறுத்திவிட்டு, அடுத்த விளிம்பை விரித்தோம். பழைய கோடுகள் அழியாமல் திரையிலேயே தங்கும்படி வைத்தோம். ஒரு கோடு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள் நின்றன. இடப்பக்கம் ஒன்று பளிச்சென்று, அதற்கு 2 நானோ நொடி தள்ளி இன்னொன்று மங்கலாக. ஆறேழு துடிப்புக்கு ஒருமுறைதான் 178 வருகிறது என்பதால் அந்த மங்கல். இரண்டைச் சுற்றியும் மெல்லிய இழைகள் கலைந்து கிடந்தன. நண்பர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன இது, ஓரம் அடிக்காத வேட்டி மாதிரிப் பிசிறு பிசிறாக இருக்கிறது" என்றார்.

சொல் அங்கேயே கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்துதான் உறைத்தது.

இந்தக் குழுமத்தில் இதுவரை வந்த சொற்களைப் பார்க்கிறேன். 'அதிர்வு' ஆகாது, ஒலியே அதிர்வுதான். 'அலைவு' பாடநூலில் வேறு வேலைக்குப் போய்விட்டது, துடிப்பை உண்டாக்கும் அலையியற்றி (ஆசிலேட்டர்) அதன் பிள்ளை. 'தள்ளாட்டம்' குடித்தவன் நடையை நினைவூட்டுகிறது, விவாதிக்க விருப்பமில்லை. இசையாசிரியர் அம்மா சொன்ன 'காலப்பிசகு' மட்டும் எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. நல்ல சொல், வாயில் நிற்கிறது. ஆனால் பிசகு என்பது எப்போதாவது நேரும் தவறு. கணக்குப் பிசகுகிறது, கால் பிசகுகிறது, திருத்திக்கொண்டால் முடிந்தது. ஜிட்டர் ஒரு நாளும் முடிவதில்லை. உலகின் மிக நல்ல படிகத்திலும் கொஞ்சம் இருக்கும். பிசகை இருக்கிறதா இல்லையா என்றுதான் கேட்போம். ஜிட்டரை எவ்வளவு என்று கேட்கவேண்டும்.

பிசிறு அப்படி அளக்கக்கூடியது. துணியில் பிசிறு நிற்பது ஓரத்தில். கடைசல் பட்டறையில் வெட்டிய இரும்பின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருப்பதும் பிசிறுதான், அரம் போட்டு எடுப்பார்கள். இரண்டிலும் பொருள் முழுதாக இருக்கிறது, விளிம்பு மட்டும் கூர்மை இழந்திருக்கிறது. நமக்கு வேண்டிய படம் இதுவே. எனவே, காலப்பிசிறு.

சொல் புழங்குமா என்று பார்க்க அதைக் கொஞ்சம் வேலை வாங்கினேன். 'இந்தப் படிகத்தின் காலப்பிசிறு எத்தனை பிக்கோ நொடி?' என்று கேட்க முடிகிறது. பிசிறற்ற துடிப்பு, பிசிறளவு, பிசிறுநீக்கி எல்லாம் தடையில்லாமல் வருகின்றன. 1990களில் ஜூலியன் டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வகுத்த சோதனை ஒலி ஒன்று உண்டு. 11,025 ஹெர்ட்ஸ் ஒலியோடு எண்ணின் கடைசி பிட்டை (இரும இலக்கத்தை) மட்டும் மெதுவாக மாற்றிக்கொண்டிருப்பது அதன் உத்தி. அதைப் பிசிறுச் சோதனை எனலாம். அலைநிரலில் (ஒலியை அலைவெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் படத்தில்) அந்த ஒலி ஒற்றை ஊசியாக நிற்கவேண்டும். பிசிறு இருந்தால் ஊசியின் அடி அகன்று கரையான் புற்றுப்போல் ஆகும், இருபுறமும் குட்டி ஊசிகள் முளைக்கும்.

எழுத்துப் பற்றி ஒரு வார்த்தை. 'பிசிர்' என்று எழுதவேண்டாம், அது நீர்த்துளி. பிசிராந்தையாரை இந்த வழக்கில் இழுக்கக்கூடாது.

பிசிறை எப்படிக் குறைப்பது என்று பலரும் கேட்கிறீர்கள். தாளம் போடுகிறவரை, அதாவது துடிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை, மாற்றவேண்டும். பையிடமே தாளம் போடச் சொன்னால் மேலே சொன்ன கதைதான். 22.5792, 24.576 மெகாஹெர்ட்ஸ் அலையியற்றிகள் இரண்டை டிஏசி சில்லின் பக்கத்திலேயே வைத்துவிட்டால், முன்னது 44,100இன் 512 மடங்கு, பின்னது 48,000இன் (இன்னொரு வழக்கமான பதிவு வேகம்) 512 மடங்கு. பின்னம் என்ற பேச்சே இல்லை. பை அந்தத் தாளத்துக்குப் பின்னால் எண்களைக் கொடுத்துக்கொண்டு வரும். 5102ஏ சில்லால் தாளம் போட முடியாது, அதன் உறவுக்காரர் 5122ஆல் முடியும். நான் அதற்கு மாறினேன்.

மாறிய அன்று நிலைமை முன்பைவிட மோசமாகியது. காரணம் நான்தான். அலையியற்றியைத் தனிப் பலகையில் வைத்து, ஒரு சாண் நீளக் கம்பியில் துடிப்பைக் கொண்டுவந்திருந்தேன், துணைக்குத் தரைக்கம்பி இல்லாமல். விளிம்பு மேலே போய் முட்டி, திரும்பி, மறுபடி முட்டிக்கொண்டிருந்தது. கம்பியை இரண்டு விரற்கடைக்கு வெட்டி, தரைக்கம்பியை அதோடு முறுக்கி, அலையியற்றியின் வாயில் 33 ஓம் தடை ஒன்றைச் சால்டர் வைத்தேன். விளிம்பு படிந்தது. அதன் பிறகு அலையியற்றிக்குத் தனி மின்சீராக்கி (ரெகுலேட்டர்) வைத்தேன். மின்வழங்கலில் உள்ள இரைச்சல் அப்படியே காலப்பிசிறாக மாறும் என்பதால், இந்த இடத்தில் மட்டும் காசு பார்க்கவேண்டாம். எல்டி 3042 போன்ற மின்சீராக்கிச் சில்லின் இரைச்சல் ஒரு மைக்ரோ வோல்ட்டுக்கும் கீழே.

இதெல்லாம் காதுக்குத் தெரியுமா? கணக்குப்படி, 16 பிட் ஒலியில் 20 கிலோஹெர்ட்ஸ் முழு வீச்சில் அடித்தால், 121 பிக்கோ நொடி (0.121 நானோ நொடி) பிசகே கடைசி பிட்டில் பாதியைத் தின்றுவிடும். (பிசகு என்று எழுதிவிட்டேன், அம்மா மன்னிக்கவும்.) ஆனால் 2005இல் ஜப்பானில் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தபோது, ஒழுங்கற்ற காலப்பிசிறு சில நூறு நானோ நொடி ஆனால்தான் காது கண்டுபிடித்தது. என் 2 நானோ நொடி எந்தக் காதுக்கும் எட்டியிருக்காது. திரையில் அந்த மங்கல் கோட்டைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை, அதனால் செய்தேன்.

அன்புடன்.

*

மறுமொழி

ஐயா, தொலைத்தொடர்பில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இரண்டு குறுக்கீடு.

ஒன்று, மதுரைக்காரரைச் சிரிக்கவேண்டாம். குவார்ட்சு படிகம் அதிர்வை உணரும். தட்டினால் அதன் அலைவெண் மிக நுண்ணிய அளவில் மாறும். ரப்பர் வீண் போகவில்லை, நோய் வேறு என்பதுதான் விஷயம்.

இரண்டு, உங்களுக்கு ஒரு சொல் போதும், எங்களுக்கு இரண்டு வேண்டும். அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.810 பரிந்துரையில், நொடிக்கு 10 முறைக்கு மேல் ஏற்படும் காலச் சிதறல் ஜிட்டர், அதற்குக் கீழே மெதுவாகப் போய்வருவது வாண்டர். பிசிறு வேகமானது, சரி. மெதுவானதற்கு? நான் 'கால ஊசல்' என்கிறேன்.

*

மறுமொழி

காலப்பிசகை நானே திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்று. எங்கள் துறையில் 'பிசிறடிக்கிறது' என்றால் குரலைத்தான் நினைப்போம். வெறும் 'பிசிறு' என்று எழுதினால் பாட்டுக் கேட்பவர் பாடகரைத் திட்டுவார். எனவே எங்கும் 'காலப்பிசிறு' என்று முழுதாகவே எழுதுங்கள், சோம்பல்பட்டுப் பாதியாக்கவேண்டாம்.

ஐயா சொல்லும் 'கால ஊசல்' எனக்குப் பழைய சுவர்க் கடிகாரத்தின் குண்டாகவே தெரிகிறது. கச்சேரியில் காலப்பிரமாணம் மெல்ல ஏறிப்போனால் 'ஓடுகிறது' என்போம், இறங்கினால் 'இழுக்கிறது'. இரண்டும் மாறி மாறி வந்தால் அதற்கு எங்களிடமும் பெயரில்லை. அந்த வித்துவானை அடுத்த முறை கூப்பிடுவதில்லை.

*

மறுமொழி

நான் டொராண்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்தவன். எங்களுக்கு மணிக்கூடுதான், கடிகாரம் இல்லை. சொல்லில் காலம் மட்டும் இருப்பதால் இரு கரைக்கும் பொருந்துகிறது. என் வாக்கு காலப்பிசிறுக்கு.

*

மறுமொழி

அனைவருக்கும் நன்றி. காலப்பிசிறு என்று முழுதாகவே எழுதுகிறேன், அம்மா சொன்னதுபோல. பிசிறுநீக்கி, பிசிறளவு போன்ற கூட்டுச்சொற்களில் மட்டும் காலத்தை விட்டுவிட அனுமதி வேண்டும். இல்லையென்றால் வாய் வலிக்கும்.

வாண்டருக்கு எனக்கும் சொல் கிடைக்கவில்லை. ஊசலைத் தள்ளிவைக்கிறேன். 'அலைச்சல்' என்று ஒருமுறை தோன்றியது, எழுதிப் பார்த்தால் பஸ் கிடைக்காதவன் புலம்பல்போல் இருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள் ஐயா.

மதுரை நண்பருக்கு: ரப்பர் இருக்கட்டும். அலையியற்றியிலிருந்து டிஏசி சில்லுக்கு வரும் கம்பி எத்தனை அங்குலம், பக்கத்தில் தரைக்கம்பி இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். ஊதாப் பலகையென்றால் எஸ்சிகே என்று பொறித்த முனையைத் தரையோடு சேர்த்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். பலகையில் அதற்கென்றே இரண்டு சிறு திட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஒரு சொட்டு சால்டர் போதும். நான் முதல் பலகையில் அதை மறந்துவிட்டு ஒரு வாரம் பையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.