விரல் மடங்க மறுக்கிறது, எழுபது தாண்டிய ராக் ஆட்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

ஆறுகம்பி:
வயது 54. கல்லூரி நாளிலிருந்து கிட்டார், இப்போதும் மாதம் ஒருமுறை நண்பர்களோடு கூடி பழைய ராக் வாசிப்போம். ஒரு வருடமாகக் காலையில் எழுந்தால் இடது மோதிர விரல் மடங்குவதில்லை, வெந்நீரில் பத்து நிமிடம் வைத்தால்தான் வழிக்கு வருகிறது. மூட்டுத் தேய்மானம் தொடங்கிவிட்டது என்றார் டாக்டர். வீட்டில் "இத்தனை நாள் தட்டியது போதாதா" என்கிறார்கள். ஆனால் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் 2019 ஏப்ரலில் இதய வால்வை மாற்றிக்கொண்டு ஜூனில் சிகாகோ மேடையில் ஆடிக்கொண்டிருந்தார், அப்போது அவருக்கு 75. சரி, அவரிடம் பணம் இருக்கிறது, விரலுக்குப் பணம் என்ன செய்யும்? கையோ காதோ போன பிறகும் வாசிக்கிறவர்கள் உண்மையில் எதை மாற்றிக்கொள்கிறார்கள்? "மனம் இருந்தால் மார்க்கம் உண்டு" வகைப் பதில் வேண்டாம், அதை என் மாமா தினமும் சொல்கிறார்.

தகரக்கொட்டகை:
சார், பிளாக் சபாத் பேண்டின் கிட்டார்காரர் டோனி அயோமியை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலை, வயது 17, வேலையை விட்டு நிற்கப்போகும் கடைசி நாள். மெஷினில் கை மாட்டி வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டுக்கும் நுனி போய்விட்டது. ஆள் இடது கைக்காரர், அதனால் ஃப்ரெட் பிடிக்கிற, அதாவது கழுத்தில் கம்பியை அழுத்துகிற கையே அதுதான். இனி கிட்டாரே இல்லை என்று சுருண்டு கிடந்தவரிடம் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டிவிட்டு, "இதை வாசிப்பவருக்கு அந்தக் கையில் இரண்டு விரல்தான் வேலை செய்யும்" என்றாராம். அது ஜாஸ் கிட்டார்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட்.

அப்புறம் அவர் செய்ததுதான் விஷயம். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, உருட்டி, விரல் நுழைய ஓட்டை போட்டு, தேய்த்துத் தேய்த்துத் தொப்பி மாதிரி ஆக்கினார். வெறும் பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கியது, அதனால் மேலே தோல் துண்டு ஒட்டினார். அந்த இரண்டு நுனியிலும் உணர்ச்சி கிடையாது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். மெல்லிய கம்பி அப்போது கடையில் கிடைக்காததால் பாஞ்சோ கம்பியை மாட்டினார். கம்பியைத் தளர்த்தியும் வைத்தார், முதல் ஆல்பத்திலிருந்தே அந்த இருண்ட சத்தம் அப்படி வந்ததுதான்.

மூன்றாம்ஃப்ரெட்:
கடைசி வரி தவறு, எல்லோரும் இதையே சொல்கிறார்கள். 1970இல் வந்த முதல் இரண்டு ஆல்பங்களும் பெரும்பாலும் சாதாரண டியூனிங்தான் (வழக்கமான சுருதி). 1971இல் மூன்றாவது ஆல்பத்தில்தான் சில பாட்டுகளுக்கு மூன்று ஃப்ரெட் (கழுத்தில் மூன்று கட்டை) அளவுக்குச் சுருதியை இறக்கினார்கள். மெல்லிய கம்பி முதலில், தளர்த்தல் அப்புறம். வறட்டு வாதம் இல்லை இது, கேள்வி கேட்டவருக்கும் அதுதான் வரிசை: முதலில் 9 கேஜ் என்கிற மெல்லிய கம்பி செட் மாட்டுங்கள், ஆக்ஷனை (கழுத்துக்கு மேலே கம்பி நிற்கும் உயரத்தை) கொஞ்சம் தாழ்த்தச் சொல்லுங்கள், போதவில்லை என்றால் சுருதியை அரை ஸ்டெப் (ஒரு ஃப்ரெட்) இறக்குங்கள். பாடுகிறவருக்கும் வயதாகியிருக்குமே, உச்சத்தில் கத்த வேண்டாம் என்று அவரும் கும்பிடுவார்.

இரட்டைக்கோல்:
நான் டிரம்மர், எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். டெஃப் லெப்பார்ட் பேண்டின் டிரம்மர் ரிக் ஆலன், 1984 டிசம்பர் 31 அன்று இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் பக்கம் கார் விபத்தில் இடது கையையே இழந்தார், வயது 21. பேண்ட் வேறு ஆளைத் தேடவில்லை. இடது கை அடிக்க வேண்டியதை இடது கால் பெடல்களுக்கு மாற்றிய எலக்ட்ரானிக் கிட் ஒன்றைச் செய்து, 1986இல் டோனிங்டன் ராக் விழா மேடையில் உட்கார்ந்தார், இன்னமும் வாசிக்கிறார். ஜெனிசிஸ் பேண்டின் டிரம்மரும் பாடகருமான ஃபில் காலின்ஸ் கதை வேறு. கழுத்து எலும்பில் சிக்கல், நரம்பு பாதித்து விரல்கள் கோலைப் பிடிக்க மறுத்தன. கொஞ்ச காலம் கோலைக் கையோடு டேப் போட்டு ஒட்டிக்கூட அடித்துப் பார்த்தார். கடைசியில் ஜெனிசிஸ் மேடையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பாட, பின்னால் டிரம்ஸில் மகன் நிக். 2022 மார்ச்சில் லண்டனில் அதையும் முடித்துக்கொண்டார்கள். எனக்கு அதுவும் தோல்வியாகத் தெரியவில்லை. கூட இருப்பவர்கள் இடம் கொடுக்காவிட்டால் எந்தக் கம்பியும் உதவாது. பிளாக் சபாத் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாம் வில்லா பார்க் மைதானத்தில் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார், பக்கத்தில் 77 வயது அயோமி நின்று வாசித்தார். பதினேழு நாளில் ஆஸி போய்விட்டார்.

ஊமைக்காது:
விரலைப் பற்றியே பேசுகிறீர்கள், காதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏசி/டிசி பேண்டின் பாடகர் பிரையன் ஜான்சன் 2016இல் பாதி டூரில் நின்றது காதால்தான். எனக்கு இருபது வருடமாக இரவில் ரீங்காரம், சிம்பலுக்குப் பக்கத்தில் நின்று வாங்கியது. பஞ்சு வைத்தால் போதாது, இசைக்காரர்களுக்கென்றே உள்ள இயர் பிளக் வாங்குங்கள்.

ஆறுகம்பி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று 9 செட் மாட்டி அரை ஸ்டெப் இறக்கினேன். பெண்டிங் (கம்பியை வளைத்துச் சுருதி ஏற்றுவது) ஏதோ ரப்பர் பேண்டை இழுக்கிற மாதிரி இருக்கிறது, பழகவில்லை, ஆனால் முக்கால் மணி நேரம் வாசித்தும் இன்று காலை விரல் சண்டை போடவில்லை. பேஸ் வாசிக்கிற தம்பிதான் "நானும் இறக்கணுமா அண்ணா" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறான்.