மீன்தொட்டிக்கும் விளையாட்டு அரங்கத்துக்கும் ஒரே கேமரா: எங்கள் அனுபவங்கள்

வீட்டில் நான்கடி மீன்தொட்டி இருக்கிறது. மகள் பள்ளி அணியில் கைப்பந்து ஆடுகிறாள். நான் படம் எடுக்க ஆசைப்படுபவை இவை இரண்டும்தான். கைக்கு அடக்கமான விலையில் இரண்டுக்கும் பொருந்தும் கேமராவைத் தேடி ஏறத்தாழ ஓராண்டு அலைந்தேன். அதே தேடலில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

முதலில் வாங்கியது அறுபது மடங்கு ஜூம் உள்ள கேமரா. வெகு தூரத்துப் பெயர்ப்பலகையின் எழுத்துகள் திரை முழுக்க வந்ததைப் பார்த்ததுமே மனம் அதில் நின்றுவிட்டது. முதல் ஆட்டத்தன்றே வருத்தம் தொடங்கியது. மகள் எழும்பி அடித்த ஒவ்வொரு முறையும் அவள் முகம் ஓரளவு தெரிந்தது, கை மட்டும் காணாமல் போயிருந்தது. வீட்டுக்கு வந்து நியான் டெட்ரா மீன்களைப் படம் எடுத்தேன். நீலக் கோடுகள் தண்ணீரில் கரைந்ததுபோல் இழுபட்டிருந்தன.

கை நடுக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) அளவுகளைத் தேடிப் படித்தபோது காரணம் புரிந்தது. அந்த வகைக் கேமராக்களில் இருக்கும் சென்சார் சுமார் 6.2 x 4.6 மில்லிமீட்டர். லென்ஸ் மாற்றும் கேமராக்கள் பலவற்றில் உள்ள ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5 x 15.6 மில்லிமீட்டர். பரப்பளவில் பதின்மூன்று மடங்கு வித்தியாசம்! மங்கிய வெளிச்சத்தில் அந்தச் சிறிய சென்சாரால் ஷட்டரை வேகமாகத் திறந்து மூட முடியவில்லை. வேகத்தைக் கட்டாயப்படுத்தினால் படம் முழுக்க மணல் தூவியதுபோல் ஆனது.

அன்றுதான் எனக்கு ஒன்று தெளிவானது. மீன்தொட்டியும் உள்ளரங்கமும் வேறுவேறு தேவைகள் என்று நினைத்திருந்தேன். இரண்டுமே குறைந்த வெளிச்சத்தில் ஓயாமல் அசையும் உயிர்கள். அடுத்து, பயன்படுத்திய ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) ஒன்றை 18-55 மில்லிமீட்டர் லென்ஸோடு வாங்கினேன். அரங்கத்தில் 55-இல் வைத்து, எஃப் 5.6 (லென்ஸ் திறப்பின் அளவு, எண் குறைந்தால் திறப்பு பெரிது), ஐஎஸ்ஓ 3200 (ஒளி உணர்திறன்) என்று அமைத்தால் ஷட்டர் வேகம் 1/80 வினாடிதான் கிடைத்தது. 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸைப் போட்டேன். எஃப் 5.6-ஐவிட அது கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். அதே இடம், அதே விளக்குகள், 1/800 கிடைத்தது. பந்தில் பதிந்த ஐந்து விரல்களையும் அன்று முதல்முறையாகப் படத்தில் பார்த்தேன்.

ஆனால் அதே லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து மீன்களை எடுத்தால் கண் தெளிவாக இருக்கிறது, வால் மங்கிவிடுகிறது. இதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

* * *

சகோதரி, உங்கள் கணக்கு சரி. மீன்தொட்டியைப் பற்றி மட்டும் நான் வேறு மாதிரி நினைக்கிறேன். இருபது ஆண்டுகளாக மீன் வளர்க்கிறேன், அதில் பாதிக் காலம் அவற்றைப் படம் எடுத்தும் வருகிறேன். அரங்கத்தின் வெளிச்சம் நம் கையில் இல்லை. தொட்டியின் வெளிச்சம் முழுக்க நம் கையில் இருக்கிறது. ஆகவே மீனுக்காகக் கேமராவில் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

நான் செய்வது இதுதான். தொட்டியின் மேல் கண்ணாடி மூடியை வைத்து, அதன்மேல் தனி ஃபிளாஷ் ஒன்றைக் கீழ்நோக்கி வைக்கிறேன். மூடி இல்லாமல் வைக்காதீர்கள், ஈரம் ஏறினால் ஃபிளாஷ் கெட்டுவிடும், உங்களுக்கும் ஆபத்து. ரேடியோ டிரிகர் அதைக் கேமராவோடு இணைக்கும். ஷட்டர் 1/200, எஃப் 8, ஐஎஸ்ஓ 200 அல்லது 400. குறைந்த ஆற்றலில் ஃபிளாஷ் ஒளிரும் நேரம் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. அந்த நொடிப்பொழுதுதான் மீனை உறைய வைக்கிறது, ஷட்டர் அல்ல. எஃப் 8 என்பதால் கண் முதல் வால் வரை தெளிவு கிடைக்கும். பழைய 18-55 லென்ஸே போதும். மீன்கள் முதல் சில முறை திடுக்கிட்டன, ஆகவே மிகக் குறைந்த ஆற்றலில் தொடங்கிப் பழக்கினேன். இருட்டில் வாழப் பழகிய கெளுத்தி வகைகளுக்கு மட்டும் நான் ஃபிளாஷ் போடுவதே இல்லை.

கேமராவில் பொருத்திய ஃபிளாஷை நேராகக் கண்ணாடியில் அடித்தால் வெள்ளை வட்டம்தான் மிஞ்சும். லென்ஸைக் கண்ணாடிக்கு நேர்குத்தாக வையுங்கள். சாய்வாக எடுத்தால் ஒளி கண்ணாடியிலும் தண்ணீரிலும் விலகி, மீனின் விளிம்புகளில் நிறக்கோடு படரும், தெளிவு போய்விடும். எவ்வளவு விலையுள்ள லென்ஸும் இதைச் சரிசெய்யாது. பிரதிபலிப்பைக் குறைக்க போலரைசர் ஃபில்டர் வாங்கச் சொல்வார்கள். நானும் வாங்கினேன். நேர்குத்தாகப் பார்க்கும்போது கண்ணாடியின் பிரதிபலிப்பை அது தடுப்பதில்லை. சாய்கோணத்தில்தான் வேலை செய்யும். அதற்கிடையே பாதிக்கும் மேல் வெளிச்சத்தையும் தின்றுவிடும். ரப்பர் ஹூட் ஒன்றை லென்ஸில் மாட்டிக் கண்ணாடியில் ஒட்டி வைத்து, அறை விளக்கை அணைத்து, கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்த பிறகு ஒரு மணிநேரமாவது காத்திருங்கள். மிதக்கும் துகள்கள் அடங்க வேண்டும். இல்லையென்றால் ஃபிளாஷில் ஒவ்வொரு துகளும் நட்சத்திரமாக மின்னும்.

பொதுக் காட்சியகங்களுக்குப் போகும்போதுதான் உங்கள் எஃப் 1.8 லென்ஸுக்கு வேலை வரும். பல இடங்களில் ஃபிளாஷுக்கு அனுமதி இல்லை. பவளத் தொட்டிகளின் நீல விளக்கில் நிறம் கட்டாயம் தவறும் என்பதால் ரா கோப்பில் (நிறத்தைப் பிறகு திருத்த வசதியான, பதப்படுத்தாத கோப்பு) எடுங்கள்.

* * *

அக்கா, நான் எங்கள் கால்பந்துக் குழுவுக்குப் படம் எடுக்கிறவன். பகலில் திறந்த மைதானம் என்றால் கவலையே வேண்டாம். 55-250 எஃப் 4-5.6 போன்ற எளிய லென்ஸ் போதும். கேனான் ஏபிஎஸ்-சி பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமரா) அதன் 250 மில்லிமீட்டர், முழு அளவு (ஃபுல் ஃபிரேம்) சென்சாரில் 400 மில்லிமீட்டர் தரும் அளவுக்கு நெருக்கம் தரும். 1/1000-க்குக் கீழே இறங்காதீர்கள்.

மாலையில் மின்விளக்கு போட்டதும் அதே லென்ஸ் கைவிரித்துவிடும். அப்போது நான் 85 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸுக்கு மாறி, கோல் கம்பத்தின் பின்புறம் ஓரமாக அமர்ந்துகொள்கிறேன். தொலைவில் நடப்பதை விட்டுவிடுகிறேன். ஆட்டம் என் பக்கம் வரும்போது மட்டும் எடுக்கிறேன். ஒரு மாலையில் பத்துப் படங்கள் தேறும், ஆனால் பத்தும் உயிரோடு இருக்கும்.

வினாடிக்கு எத்தனை படம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2009-இல் வந்த கேனான் 7டி வினாடிக்கு எட்டு, 2014-இல் வந்த சோனி ஏ6000 பதினொன்று. இரண்டுமே இன்றும் தாராளம். அதைவிட முக்கியம் தொடர் ஃபோகஸும் (அசைவதைப் பின்தொடர்ந்து ஃபோகஸ் செய்துகொண்டே இருப்பது), அதை இயக்கும் பின்புற பொத்தானும். ஷட்டர் பொத்தானிலிருந்து ஃபோகஸைப் பிரித்துக் கட்டைவிரலுக்குக் கொடுத்த நாளில்தான் என் படங்கள் மாறின.

விளக்கொளியில் எலெக்ட்ரானிக் ஷட்டரை (இதழ்கள் அசையாமல் சென்சாரே படத்தைப் படித்தெடுக்கும் முறை) நம்பாதீர்கள். பெரும்பாலான சென்சார்கள் வரிவரியாகப் படிப்பதால் எல்ஈடி விளக்கின் கீழ் படத்தில் பட்டைகள் விழும், வேகமாகப் பறக்கும் பந்து முட்டை வடிவாகும். மெக்கானிக்கல் ஷட்டரிலும் ஒரு தொல்லை உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் வினாடிக்கு நூறு முறை கூடிக் குறைகின்றன, அதனால் அடுத்தடுத்த படங்கள் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று இருட்டாகவும் வரும். 2014-இல் வந்த 7டி மார்க் 2 இந்தத் துடிப்பைக் கணித்து, வெளிச்சம் உச்சத்தில் இருக்கும்போது ஷட்டரைத் திறக்கும். மகள் உள்ளரங்கில் ஆடுகிறாள் என்பதால் இந்த வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

* * *

பயன்படுத்திய கேமரா பற்றி நானும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்திருக்கிறேன். புதிதுபோல் பளபளத்த பாடி, விற்றவர் மிக மரியாதையாகப் பேசினார். மூன்றாம் மாதம் இறகுப்பந்துப் போட்டியின் நடுவே ஷட்டர் இதழ் முறிந்தது. பழுதுபார்த்தவர்தான் அது எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று காட்டினார். நான் அதைக் கேட்கவே இல்லை. கேனான் 70டி ஒரு லட்சம், 7டி, நிக்கான் டி7100 ஆகியவை ஒன்றரை லட்சம் இயக்கங்களுக்குச் சோதிக்கப்பட்டவை. அந்த எண்ணைத் தாண்டியும் ஓடலாம், ஆனால் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று தெரிந்த பிறகே விலை பேசுங்கள்.

லென்ஸின் வழியே கைவிளக்கை அடித்துப் பாருங்கள். சிலந்திவலைபோல் மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. வாங்காதீர்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா, கார்டு செருகும் இடத்தில் ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இன்னொரு தவறும் செய்தேன். மலிவாகக் கிடைத்த பழைய லென்ஸ் ஒன்றை வாங்கி மாட்டினேன், ஃபோகஸ் அசையவே இல்லை. லென்ஸுக்குள்ளும் மோட்டார் இல்லை, என் பாடிக்குள்ளும் இல்லை. நிக்கானின் டி3300, டி5300 போன்றவற்றில் இந்த மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ் போன்ற, மோட்டார் உள்ளேயே இருக்கும் லென்ஸ்தான் தேவை. டி7100-இல் மோட்டார் உண்டு. தனியாகக் கையால் ஃபோகஸ் செய்து மீனை எடுத்துவிடலாம். ஓடும் வீரரை எடுக்க முடியாது.

* * *

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி நேற்று இரவு, இரவல் ஃபிளாஷை மூடியின் மேல் வைத்து எஃப் 8-இல் எடுத்தேன். ஏஞ்சல் மீன் ஜோடி ஒன்று இலையில் முட்டையிட்டிருக்கிறது. துடுப்பால் அவற்றுக்குத் தண்ணீர் விசிறிக்கொண்டிருக்கிற தாயின் கண்ணும் ஒவ்வொரு முட்டையும் படத்தில் தெரிகின்றன. மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவுக்கு மாறலாம் என்று சேர்த்து வைத்த பணம் அப்படியே இருக்கிறது. அதில் 85 மில்லிமீட்டர் லென்ஸும் சொந்தமாக ஒரு ஃபிளாஷும் வாங்கப்போகிறேன். பாடி இப்போதைக்கு இதுவே.

தம்பி, ஒரு கேள்வி மட்டும். கைப்பந்தில் வலையின் பக்கவாட்டில் நின்றால் ஃபோகஸ் அடிக்கடி வலையைப் பிடித்துக்கொள்கிறது. நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்து எடுப்பதா, அதைச் சுற்றியுள்ள புள்ளிகளையும் சேர்த்துக்கொள்வதா? சனிக்கிழமை அவளுக்கு அரையிறுதி.