வறுமைதான் போருக்குக் காரணமா? முகாம்காரர்கள் ஏன் திரும்பிப் போகவில்லை?

சேரன்மாதேவி மாணவன்:
பாளையங்கோட்டையில் எம்.ஏ. பொருளியல் படிக்கிறேன். ஆயுத மோதலுக்கும் மக்கள் ஊரைவிட்டு ஓடுவதற்கும் பின்னாலிருக்கும் பொருளாதாரம் பற்றி ஒரு கட்டுரை கொடுக்க வேண்டும். வகுப்பில் சொன்னதன் சுருக்கம்: வறுமை இருந்தால் சண்டை வரும், சண்டை வந்தால் வறுமை கூடும். இலங்கையை வைத்துப் பார்த்தால் எனக்கு இது ஒட்டவில்லை. 1970களில் படிப்பிலும் சராசரி ஆயுளிலும் அந்த நாடு நம்மைவிட மேலே. யாழ்ப்பாணம் படிப்புக்குப் பேர்போன ஊர். அப்படியிருக்க அங்கே ஏன்?

இன்னொன்று. எங்கள் பக்கம் கோபாலசமுத்திரத்தில் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் இருக்கிறது. "2009லயே போர் முடிஞ்சாச்சு, இன்னும் ஏன் போகல?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

டவுன் முருகன்:
இதில் பொருளாதாரம் எங்கிருந்து வந்தது? மொழி, இனம், அரசியல், அவ்வளவுதான். தலைப்பை மாத்தும் வே.

சாரம்கட்டி, பாளை:
முருகன் சொல்வது பாதி சரி. மொழிதான். ஆனால் 1956-ல் சிங்களம் மட்டும்தான் ஆட்சிமொழி என்று சட்டம் போட்டபோது அடி எங்கே விழுந்தது? சர்க்கார் உத்தியோகத்தில். யாழ்ப்பாணத்தில் தாமிரபரணி ஓடவில்லை, எல்லாம் கிணற்றுத் தண்ணீர். பையனைப் படிக்கவைத்துக் கொழும்புக்கு உத்தியோகத்துக்கு அனுப்புவதில்தான் குடும்பம் நிமிரும். அந்த வழி அடைபட்டது. 1971-ல் பல்கலைக்கழகத்திலும் தரப்படுத்தல் வந்தது. மருத்துவத்துக்குத் தமிழில் எழுதியவன் 250 மார்க் எடுக்க வேண்டும், சிங்களத்தில் எழுதியவனுக்கு 229 போதும்.

அப்புறம் மிளகாயும் வெங்காயமும். இதை உங்கள் வகுப்பில் சொல்லியிருக்க மாட்டார்கள். என் அப்பா தூத்துக்குடியில் ஒரு மண்டியில் கணக்கு எழுதியவர். வத்தலும் வெங்காயமும் தோணியேறிக் கொழும்புக்குப் போகும். 1970-ல் சிறிமாவோ ஆட்சிக்கு வந்த பிறகு இறக்குமதியை இறுக்கினார்கள். எங்கள் மண்டியில் ஈ ஓட்டினார்கள், யாழ்ப்பாணத்தில் கொண்டாட்டம். வேலை கிடைக்காத படித்த பையன்கள் பம்புசெட் வைத்து மிளகாயும் வெங்காயமும் போட்டுக் காசு பார்த்தார்கள். 1977-ல் ஜெயவர்த்தனா வந்து சந்தையைத் திறந்துவிட்டார். வெளிச்சரக்கு வந்து குவிந்தது, அங்கே விலை படுத்துவிட்டது. தோணிக்கு மறுபடி சரக்கு ஏறியதில் அப்பாவுக்குச் சந்தோஷம்தான், மறைக்க என்ன இருக்கிறது.

ஆக, கஞ்சிக்கில்லாதவனா முதலில் துப்பாக்கி தூக்கினான்? படித்து, நாலு காசு பார்த்து, அது கையைவிட்டுப் போன வீட்டுப் பையன். தெற்கே சிங்கள இளைஞர்கள் 1971-ல் ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் பின்னால் போய்க் கிளர்ச்சி செய்ததும் இதே கணக்குத்தான்: படிப்பு உண்டு, வேலை இல்லை. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடு, கடையெல்லாம் தேடித்தேடி எரித்தார்கள். எரிந்த ஆலைகளில் சிங்களத் தொழிலாளிகளும் இருந்தார்கள். அவர்களுக்கும் கூலி போயிற்று.

டீக்கடைக் கேள்விக்கு வருகிறேன். நான் பெயிண்டிங் காண்ட்ராக்ட் எடுப்பவன். என்னிடம் வருகிறவர்களில் முகாம் ஆட்கள் நிறைய. தமிழ்நாட்டில் எந்த முகாமில் போய்க் கேட்டாலும் ஆண்களில் பெரும்பாலோர் பெயிண்டர்தான். ஏன் என்றால் இதற்கு நிலம் வேண்டாம், முதல் வேண்டாம், சர்டிபிகேட் வேண்டாம். பிரஷ், பட்டித் தகடு, சாரத்தில் ஏறப் பயமில்லாத மனசு, அது போதும்.

அதில் ஒருவர் மயிலிட்டிக்காரர், ஐம்பது தாண்டியவர். பட்டி பார்த்து உப்புத்தாள் போட்ட பிறகு, பல்பைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக நகர்வார். சின்ன மேடு நிழல் காட்டினாலும் மறுபடி தேய்ப்பார். எனக்கே சில நாள் எரிச்சல் வரும், வீட்டுக்காரனுக்கு இதெல்லாம் தெரியவா போகிறது என்று. ஊரில் அவர் அப்பாவிடம் சொந்தப் படகு இருந்தது. மயிலிட்டி வடக்கில் பெரிய மீன்பிடித் துறை. 1990-ல் ஜனங்கள் வெளியேறினார்கள், ராணுவம் உட்கார்ந்தது. துறையைத் திருப்பிக் கொடுத்தது 2017-ல்! யாழ்ப்பாணத்துக்குள்ளேயே இடம்மாறி இருந்த காலத்தில் பொருளாதாரத் தடை. பேட்டரி, உரம், சிமெண்ட் எதுவும் வராது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்களாம். 1996-ல் மன்னார் வழியாக இங்கே வந்தார்.

இப்போது போனால் படகு யார் கொடுப்பார்? வலைக்குக் கடன் யார் தருவார்? "வலை போட்டாலும் உங்கட இழுவைப் படகு வந்து அறுத்துக்கொண்டு போயிடும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். ராமேஸ்வரம், நாகப்பட்டினப் படகுகளைச் சொல்கிறார். நமக்குச் சிரிப்பு வராது.

இங்கே இருப்பதும் சுகமில்லை. அரசு உதவித்தொகை 2021-ல் கூட்டிய பிறகு மாதம் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. அதிகாரிகள் வந்து தலை எண்ணும் செக்கிங் நாளில் ஆள் முகாமில் நிற்க வேண்டும். திருவனந்தபுரத்தில் கூலி கூட. ஆனால் பதினைந்து நாள் தங்கல் வேலை என்றால் அவர் "வேண்டாம் தம்பி" என்றுவிடுவார். எவ்வளவு கைத்திறமை இருந்தாலும் பஸ் போய்த் திரும்பும் தூரத்துக்குள்தான் சம்பாத்தியம். இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தத்திலும் இலங்கை இல்லை. அவர் மகள் இங்கே பிறந்து பி.காம். படிக்கிறாள். அவளை எங்கே "திரும்பிப் போ" என்பது?

மேலப்பாளையம் தறி:
அண்ணாச்சி, ஒன்று விட்டுப்போச்சு. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகை, கடைச்சரக்கு, வீடு எல்லாம் போச்சு. அவர்களும் தமிழ் பேசுகிறவர்கள்தான். புத்தளம் பக்கம் கூலிவேலைக்கு இறங்கினார்கள். அங்கே ஏற்கெனவே இருந்தவர்களோடு வேலைக்கும் தண்ணீருக்கும் உரசல் வேறு. கட்டுரையில் இது இல்லாவிட்டால் பாதிக் கட்டுரை.

சாரம்கட்டி, பாளை:
சரியான பேச்சு பாய். தம்பி, கட்டாயம் சேருங்கள்.

சேரன்மாதேவி மாணவன்:
ரொம்ப நன்றி. சேர்த்துவிடுகிறேன். இந்தக் கணக்கு நம்ம பக்கம் 1990களில் நடந்த சாதிக் கலவரங்களுக்கும் பொருந்துமா? முகாமில் நாலு பேரிடம் பேச நீங்கள் ஏற்பாடு செய்ய முடியுமா அண்ணாச்சி?

சாரம்கட்டி, பாளை:
பொருந்தும் இடம் உண்டு. 1998-ல் நீதிபதி ரத்தினவேல் பாண்டியன் தலைமையில் போட்ட குழு, தென்மாவட்டங்களில் தொழில் இல்லாததையும் இளைஞர்கள் வேலையில்லாமல் நிற்பதையும் சுட்டிக்காட்டியது. அது ஒரு பாதி. மறுபாதிக்குக் கொடியங்குளத்தைப் பாருங்கள், 1995 ஆகஸ்ட் 31. வளைகுடாச் சம்பாத்தியத்தில் கொஞ்சம் தலைநிமிர்ந்த தலித் ஊர். உள்ளே புகுந்த போலீஸ் நொறுக்கியது டி.வி., ஃபேன், தையல் மிஷின். தீயில் போட்டது படித்த பையன்களின் பாஸ்போர்ட்டையும் சான்றிதழையும். எதைக் குறிவைத்தார்கள் என்று பாருங்கள். வறுமை மட்டும் காரணம் என்று உங்கள் வகுப்பில் யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டலாம்.

முகாமுக்குள் போக அனுமதி வாங்க வேண்டும், அது என் கையில் இல்லை. இப்போது மகாராஜநகரில் ஒரு வீட்டு வேலை ஓடுகிறது, சாப்பாட்டு நேரத்துக்கு அங்கே வாருங்கள். அவர்களுக்கு விருப்பம் இருந்தால் பேசட்டும். எடுத்த எடுப்பில் யார் செத்தார்கள், எப்படித் தப்பித்தீர்கள் என்று ஆரம்பிக்காதீர்கள், வருகிறவனெல்லாம் அதையே கேட்டு வெறுத்துப்போயிருக்கிறார்கள். ஊரில் என்ன தொழில், படகு என்ன விலை, மீனை யார் எடுத்தார்கள், கடன் எங்கே வாங்கினீர்கள் என்று கேளுங்கள். மயிலிட்டிக்காரர் விலை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். நோட்டு கொண்டு வாருங்கள், போனில் பதிவு செய்வதென்றால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.