தீம் படை என்றால் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டுமா? (வார்ஹாமர் ஃபேன்டஸி, எட்டாம் பதிப்பு)

குகைவாசி:

2015-ல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் வார்ஹாமர் ஃபேன்டஸி என்ற மினியேச்சர் போர் விளையாட்டையும் அதன் பழைய உலகத்தையும் முடித்துவிட்டு ஏஜ் ஆஃப் சிக்மர் என்ற அடுத்த விளையாட்டுக்குப் போனபோதும் நம் குழு எட்டாம் பதிப்பை விடவில்லை. அடுத்த தொடருக்கு ஆளுக்கு 2000 பாயிண்ட் (ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு பாயிண்ட் விலை உண்டு), எல்லாமே தீம் படைகள், அதாவது கதை உலகின் ஓர் இடத்தையோ மக்களையோ காட்டுகிற படைகள் என்று பேசி வைத்திருக்கிறோம். போன சந்திப்பில் தராசு ஒன்று சொன்னார்: தீம் பெயின்டிலும் கதையிலும் இருந்தால் போதும், அதற்காக லிஸ்டை, அதாவது எந்த மாடல்களை எடுக்கிறோம் என்ற பட்டியலைக் கெடுக்க வேண்டாம் என்று. அன்று பதில் சொல்ல நேரமில்லை, இங்கே சொல்கிறேன்.

என் படை காரக் எய்ட் பீக்ஸின் நைட் கோப்ளின்கள், குகைகளில் வாழும் குட்டை இனம். குள்ளர்களின் பழைய மலைக்கோட்டை அது. உள்கோட்டையில் குள்ளர் மன்னன் பெலகார் முற்றுகைக்குள் உட்கார்ந்திருக்கிறான், ஆழத்தில் க்வீக்கின் ஸ்கேவன் எலிப்படை, இடையில் கோப்ளின் தலைவன் ஸ்கார்ஸ்னிக்கும் அவனுடைய க்ரூக்கட் மூன் கூட்டமும். மூன்று தரப்பும் இருட்டுச் சுரங்கங்களில் மாறி மாறி வெட்டிக்கொள்கிறார்கள். அங்கிருந்து ஒரு படை கிளம்பினால் அதில் கறுப்பு அங்கிக் கோப்ளின்கள், ஸ்க்விக்குகள் (வாயும் காலுமான உருண்டை மிருகங்கள்), ஃபனாட்டிக்குகள் (சங்கிலிக் குண்டு சுழற்றுகிறவர்கள்), மிஞ்சிப்போனால் சில ஸ்டோன் ட்ரோல்கள் இருப்பார்கள். டூம் டைவர் இருக்காது, அது வெளி ஆட்கள் இழுத்து வரும் கவண். ஆர்மி புக்கிலேயே எனக்கு மிகப் பிடித்த இயந்திரம் அது, ஆனாலும் எடுக்கவில்லை. ஓநாய்ச் சவாரி இல்லை. கோப்ளின்களை அடக்கி நடத்துகிற பெரிய உருவக் கறுப்பு ஓர்க் தலைவனும் இல்லை.

வலுவான ஒன்றை வேண்டாம் என்று தள்ளிவைத்தால்தான் மேசையில் அந்த இடமும் அந்த மக்களும் தெரிகிறார்கள். எதையும் இழக்காத படைக்குத் தீம் படை என்று பெயர் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

தராசு:

கதை அருமை, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கவலை எதிரில் நிற்கிறவரைப் பற்றியது.

உங்கள் லிஸ்டில் 6 கோப்ளின் அணிகள் இருக்கின்றன. ஆட்டம் 6 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் கைகலப்பில் இல்லாத ஒவ்வொரு அணிக்கும் அனிமாசிட்டி (உட்பகை) பகடை உருட்ட வேண்டும். 1 விழுந்தால் அந்த அணி பெரும்பாலும் தங்களுக்குள் அடித்துக்கொண்டு நின்றுவிடும். ஆறும் உருட்டுகிற சுற்றில் ஓர் அணிக்காவது 1 விழ மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. அப்புறம் லீடர்ஷிப், அதாவது ஓடாமல் நிற்கிற மன உறுதி. நைட் கோப்ளினுக்கு 5. இரண்டு பகடையின் கூட்டல் 5 அல்லது அதற்குக் கீழே விழுந்தால்தான் சோதனையில் தேறும், அது 36-க்கு 10 தடவைதான். கறுப்பு ஓர்க் வார்பாஸின் (தலைவனின்) 9 என்றால் 36-க்கு 30. அவன் கூட நிற்கிற அணியில் சண்டை மூண்டாலும் அடித்து அடக்கிவிடுவான்.

ஒரே ஒரு மாடல்தான் வித்தியாசம். அதை மறுத்துவிட்டு மூன்றாம் சுற்றில் உங்கள் படை மொத்தமாக ஓடினால், விடுமுறை நாளை ஒதுக்கி வந்தவருக்கு என்ன மிச்சம்? அவர் போர் ஆட வந்தார். உங்கள் கட்டுப்பாட்டுக்கான விலையில் பாதியை அவர் தலையில் கட்டுகிறீர்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

தூரிகை:

பெயின்ட் அடிக்கிறவளாக ஒன்று சொல்கிறேன். தராசு சொல்வதுபோல தீமைப் பெயின்டில் மட்டும் வைப்பது அவ்வளவு சுலபமில்லை. ஒரே இனம், ஒரே அங்கி, ஒரே நிலவுச் சின்னம் என்று 180 மாடல் வரிசையாக நிற்கும்போது கண்ணுக்குக் கிடைக்கிற அழுத்தம், நடுவில் ஓர் இரும்புக் கவச ஓர்க்கை நிறுத்தினால் போய்விடும். பார்க்கிறவர் கண் நேராக அவனிடம்தான் போகும்.

குகைவாசிக்கு ஒரு வேண்டுகோள். கறுப்பு அங்கியைக் கறுப்பாகவே விடாதீர்கள். கறுப்பு பிரைமர் மேல் அடர் நீலச் சாம்பல் நிறத்தை மடிப்புகளில் மட்டும் ஏற்றுங்கள். சுரங்கம் என்பதற்காக மாடல் நிற்கிற தட்டையும் (பேஸ்) கறுப்பாக்கினால் மூன்றடி தள்ளி நின்று பார்க்கும்போது படையே தெரியாது. வெளிர் சாம்பல் பாறை, கார்க் துண்டு, கிரீன் ஸ்டஃப் புட்டியில் உருட்டிய காளான்கள், அதுவும் வெளிறிய மஞ்சளில். பதாகை நிலவின் மஞ்சளும் காளானின் மஞ்சளும் ஒன்றாக இருந்தால் மொத்தப் படையும் சேர்ந்து நிற்கும். ஸ்க்விக்குக்கு மட்டும் நல்ல சிவப்பு, வேறு எதற்கும் சிவப்பு வேண்டாம்.

சுண்டெலி:

நான் புதியவன், குறுக்கே பேசுவதற்கு மன்னியுங்கள். 180 மாடலை எங்கிருந்து சேர்த்தீர்கள்? எனக்கு ஸ்கேவன் ஆசை, எண்ணிக்கையை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

குகைவாசி:

பெரும்பகுதி பேட்டில் ஃபார் ஸ்கல் பாஸ் தம்பி. 2006-ல் ஏழாம் பதிப்போடு வந்த பெட்டி, ஒரு பக்கம் குள்ளர், மறுபக்கம் நைட் கோப்ளின். குள்ளர் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு கோப்ளின் பாதியை விற்றவர்கள் நிறையப் பேர். பழைய மாடல்களாகத் தேடி வாங்கு. ஒரு அணியை முழுசாக முடித்த பிறகு அடுத்ததைத் தொடு, இல்லாவிட்டால் சாம்பல் பிளாஸ்டிக்காகவே பெட்டியில் கிடக்கும்.

இப்போது தராசுக்கு. நீங்கள் காட்டிய கணக்கு சரிதான், ஆனால் பாதிக் கணக்கு. படைக்கொடி 12 அங்குலத்துக்குள் இருந்தால் தேறாத லீடர்ஷிப் சோதனையைத் திரும்ப உருட்டலாம். 5-க்கே வெற்றி வாய்ப்பு பாதியை நெருங்கிவிடும், தலைவன் பக்கத்தில் நின்றால் இன்னும் மேல். கைகலப்பில் எதிரியைவிட வரிசைகள் கூடுதலாக இருந்தால் ஸ்டெட்ஃபாஸ்ட் என்ற விதி, எவ்வளவு வித்தியாசத்தில் தோற்றாலும் அது லீடர்ஷிப்பில் கழியாது. கோப்ளின் ஒருவனுக்கு 3 பாயிண்ட். 30 பேர் அணி 90 பாயிண்டுக்கு வருகிறது, வரிசை எனக்குத்தான் கூடுதல்.

அப்புறம் ஃபனாட்டிக். அணிக்கு மூன்று வரை ஒளித்து வைக்கலாம், ஒருவனுக்கு 25 பாயிண்ட். எதிரி 8 அங்குலத்துக்குள் வந்ததும் சங்கிலிக் குண்டைச் சுழற்றிக்கொண்டு வெளியே பாய்வான். முதல் பாய்ச்சலின் திசை என் கையில், அதன் பிறகு பகடையின் கையில். என் அணிக்குள்ளேயே திரும்பி வருவதும் உண்டு. எதிராளி எந்த அணியில் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் ஒவ்வொரு அங்குலமாக யோசித்து நகர்த்துவார். இதுவா அவருக்குக் கிடைக்காத போர்?

பழைய_படை:

இந்த வாக்குவாதம் ஆறாம் பதிப்பிலேயே நடந்தது. 2004 கோடையில் ஸ்டார்ம் ஆஃப் கேயாஸ் என்ற பெரிய போர்த்தொடர் வந்தபோது அந்தப் புத்தகம் முழுக்கத் தீம் லிஸ்டுகள்தான்: சில்வேனியா, மிடன்லாண்ட், கல்ட் ஆஃப் ஸ்லானேஷ், காரக் காட்ரினின் ஸ்லேயர் படை. ஸ்லேயர் படையை எடுத்துக்கொள்ளுங்கள். சாவைத் தேடிப்போகிற குள்ளர்கள், கவசமே கிடையாது, எப்போதும் ஓடவும் மாட்டார்கள். கதைக்கு அதைவிடப் பொருத்தமான படையை நான் பார்த்ததில்லை. ஆட்டத்தில்? எதிராளியிடம் வில் நிறைய இருந்தால் குள்ளர்கள் நடந்து வருவதற்குள் பாதிப்பேர் காலி. வில் இல்லாவிட்டால் அவர் யூனிட் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு அரைபடும். இரண்டு பக்கமும் முடிவெடுக்க அதிகம் இருக்காது. இந்த இடத்தில் தராசு சொல்வது பலிக்கிறது.

ஆனால் அதே காலத்து பிரெட்டோனியாவை, குதிரைவீரர்களின் படையைப் பாருங்கள். போருக்கு முன் வீரர்கள் மண்டியிட்டு வணங்கினால் முதல் சுற்றை எதிரிக்கு விட்டுவிட வேண்டும், பதிலுக்கு அவர்கள் வணங்கும் ஏரி அம்மையின் அருள் காப்பாகக் கிடைக்கும். விட்டுக்கொடுப்பும் இருக்கிறது, அதற்கு ஈடும் இருக்கிறது, எதிராளிக்கும் உடனே ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. தீம் விதி எழுதுகிறவர்கள் இதைத்தான் பார்த்துப் படிக்க வேண்டும் என்பேன்.

நைட் கோப்ளின் இந்த இரண்டில் எந்தப் பக்கம்? பிரெட்டோனியா பக்கம்தான் என்பது என் முடிவு. இழக்கிறது கட்டுப்பாடு, கிடைப்பது எண்ணிக்கையும் குழப்பமும்.

தராசு:

ஃபனாட்டிக் பற்றி ஒப்புக்கொள்கிறேன், அவற்றை எதிர்த்து ஆடுவது நல்ல அனுபவம். ஆனால் எனக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. தீம் என்ற சொல்லைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை என்ன செய்வது? நல்ன் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதர்களின் பேரரசுடைய பீரங்கிப் பள்ளி அங்கேதான் இருக்கிறது. ஒருவர் பீரங்கிகள், இரண்டு ஸ்டீம் டாங்க் (நீராவிக் கவச வண்டி) என்று அடுக்கி "நல்ன் பீரங்கிப் படை" என்று வந்தால் கதைக்கு நூறு சதவீதம் பொருத்தம். எதிரே நிற்கிறவர் ஆறு சுற்றும் தன் மாடல்களை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருப்பார். தீமை அளவுகோலாக வைத்தால் இந்தப் படை பாஸ். லிஸ்டின் பலத்தை அளவுகோலாக வைத்தால் மாட்டிக்கொள்ளும். எட்டாம் பதிப்புக் காலத்தில் போட்டி ஆடியவர்கள் ஸ்வீடிஷ் காம்ப் முறையில் லிஸ்டுக்கு மதிப்பெண் போட்டதே இதற்காகத்தான். யார் என்ன கதை சொன்னாலும் மதிப்பெண் மாறாது.

குகைவாசி:

நல்ன் படை பாஸ் ஆகாது. கதையை முழுசாகப் படித்தால் அங்கேயே நின்றுவிடும். ஸ்டீம் டாங்க் மொத்தம் 12 கட்டப்பட்டன, அவற்றில் மிஞ்சியது 8. அவற்றை உருவாக்கிய மிராலியானோவின் லியோனார்டோ போன பிறகு புதிதாக ஒன்றைக் கட்டத் தெரிந்தவர் இல்லை. பேரரசு முழுமைக்கும் எட்டே எட்டு இருக்கும்போது ஓர் எல்லைச் சண்டைக்கு இரண்டு வருமா? ஒன்று வந்தாலே அந்த ஊர் அதைத் தலைமுறைக்கும் பேசும். 2000 பாயிண்ட் படை என்பது பெரிய போரின் ஒரு மூலைதான். அந்த ஆளை நிறுத்துவதற்கு மதிப்பெண் பட்டியல் வேண்டாம், "இந்த இடத்தில் இது எப்படி வந்தது?" என்ற ஒரே கேள்வி போதும்.

அதே கேள்வியை உங்களிடமும் கேட்கிறேன். உங்கள் படை எல்ஃப் துறைமுகமான லோதர்னின் கடற்படை என்கிறீர்கள். நீலமும் வெள்ளையும், கப்பல் பலகை போல பேஸ், எல்லாம் கண்ணைப் பறிக்கிறது. லிஸ்டில் லோதர்ன் ஸீ கார்ட் ஒரே அணி, அதுவும் கோர் (கட்டாய அடிப்படை அணிகள்) கணக்குக்காக. மீதி வொய்ட் லயன்ஸ், ஃபீனிக்ஸ் கார்ட், ஃப்ராஸ்ட்ஹார்ட் ஃபீனிக்ஸ். வொய்ட் லயன்ஸ் க்ரேஸ் மலைக்காட்டு ஆட்கள், மன்னரின் மெய்க்காப்பாளர்கள். ஃபீனிக்ஸ் கார்ட் அசூர்யன் கோயிலைக் காக்கிறவர்கள். கப்பலில் இவர்களுக்கு என்ன வேலை?

தராசு:

சரி, நேராகவே பதில் சொல்கிறேன். லோதர்னில் மன்னரின் தூதர் கப்பலேறுகிறார், மெய்க்காப்பாளர்கள் கூட வருகிறார்கள். இது வலிந்து கட்டிய கதை இல்லை, ஃபீனிக்ஸ் மன்னர் ஃபினுபாரே லோதர்ன்காரர்தான், பட்டம் ஏற்கும் முன் உலகம் சுற்றியவர். ஃபீனிக்ஸ் பறவைக்கு இப்படி ஒரு காரணம் என்னிடம் இல்லை. அதை எடுத்தது வலுவானது என்பதால்தான். எடுத்துவிடுகிறேன், அதன் இடத்தில் லோதர்னின் பறக்கும் தேரான ஸ்கைகட்டர்.

ஆனால் இதனால் என் வாதம் விழவில்லை. ஸ்கைகட்டர் போட்டாலும் என் படை நிமிர்ந்து ஆடும், உங்களுக்கு நல்ல போர் கிடைக்கும். நீங்கள் தலைவன் விஷயத்தில் காட்டுகிற பிடிவாதம் அந்த உறுதியை எனக்குத் தரவில்லை. உங்கள் கோப்ளின்களுக்கு எல்ஃப் என்றாலே அச்சம், அது விதியிலேயே இருக்கிறது. நம் இருவரின் ஆட்டத்தில் நீங்கள் உருட்டப்போகிற லீடர்ஷிப் சோதனைகள் இன்னும் கூடும்.

தூரிகை:

ஃபீனிக்ஸை விற்பதாக இருந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள் அண்ணா.

பழைய_படை:

ஆட்ட வகையைப் பற்றி இன்னும் யாருமே பேசவில்லை. விதிப்புத்தகத்தில் ஆறு வகை இருக்க, நாம் எப்போதும் பேட்டில்லைன் மட்டுமே ஆடுகிறோம். யார் அதிகப் பாயிண்ட் அழித்தார் என்று மட்டும் எண்ணினால் தேர்ந்தெடுத்த சிறு படைகளுக்குத்தான் லாபம். பிளட் அண்ட் குளோரியில் கொடிகளை எண்ணுவார்கள். குகைவாசியிடம் கொடி நிறைய, படை உடைவதற்கு நேரமெடுக்கும். வாட்ச்டவரில் கோபுரத்தைப் பிடித்து வைத்திருக்க மலிவான கோர் காலாட்கள் வேண்டும். ஆறையும் கலந்து ஆடினால் தராசு பயப்படுகிற ஒருதலை ஆட்டங்கள் குறையும், யாரும் தன் தலைவனை மாற்றவும் வேண்டாம்.

தராசு:

ஆறு வகையும் கலக்கலாம், சம்மதம். ஒரு நிபந்தனை: முதல் ஆட்டம் எனக்கும் குகைவாசிக்கும், வகை பிளட் அண்ட் குளோரி. அவர் படை நாலாம் சுற்றுக்கு முன் உடைந்தால் தொடரின் மீதி ஆட்டங்களுக்குக் கறுப்பு ஓர்க் தலைவன் வர வேண்டும்.

குகைவாசி:

நாள் குறியுங்கள், வருகிறேன். நிபந்தனைக்கு மட்டும் சம்மதமில்லை. உடைந்தால் ஸ்டோன் ட்ரோல்களைக் கூட்டுவேன், அணிகளின் அகலத்தை மாற்றுவேன், கொடிக்காரனை நடுவுக்குக் கொண்டுவருவேன். எய்ட் பீக்ஸின் க்ரூக்கட் மூன் கூட்டம் ஸ்கார்ஸ்னிக்கின் கூட்டம், அதை ஓர் ஓர்க் நடத்தமாட்டான். தூதரின் மெய்க்காப்பாளர் கதையை ஏற்கிறேன், ஆனால் ஒரு தூதருக்கு எத்தனை வொய்ட் லயன்ஸ்? உங்கள் லிஸ்டில் 25 பேர் இருக்கிறார்கள். அதற்குப் பதிலை ஆட்டத்துக்கு முன் இங்கேயே எழுதுங்கள்.