வெருலம் (தென்னாப்பிரிக்கா, டர்பன் பக்கம்) குடும்பக் குழு: கரும்புக்காட்டுக்கு வந்த மனு

செல்வி: ரோட்டு முனைக் கம்பத்துல நோட்டீஸ் கட்டியிருக்காங்க, படம் போட்டிருக்கேன் பாருங்க. பின்னாடி இருக்கிற கரும்புக்காட்டுல கிடங்கும் அடுக்குமாடியும் கட்ட முனிசிபாலிட்டில மனு போட்டிருக்காங்க. ஆட்சேபணை இருந்தா 30 நாளைக்குள்ள எழுதணும்.

தேவன்: வேண்டாம்னே எழுதுவோம். இருக்கிற வீட்டுக்கே தண்ணி ஒழுங்கா வரல. 2022 ஏப்ரல் வெள்ளத்துல பக்கத்து ஊர் டோங்காட்ல தண்ணி சுத்திகரிப்பு நிலையம் நாசமாகி அந்த ஜனங்க மாசக்கணக்கா டேங்கர் பின்னாடி வாளியோட ஓடினாங்களே, மறந்துபோச்சா?

குமரன்: மாமா, வேண்டாம்னு சொல்லிட்டா வேலை எங்கிருந்து வரும்? கரும்பை இனிமே நம்ப முடியாது. பெரிய சர்க்கரைக் கம்பெனி டோங்காட் ஹியூலெட்டே நொடிஞ்சு 2022 அக்டோபர்ல பிசினஸ் ரெஸ்க்யூங்கிற மீட்பு ஏற்பாட்டுக்குப் போயிடுச்சு. 2010ல ஏர்போர்ட் லா மெர்சிக்கு வந்ததாலதான் எனக்கு கார்கோல வேலை. என்கூடப் படிச்ச எத்தனை பேர் இன்னும் சிவி குடுத்துக்கிட்டே அலையறாங்க தெரியுமா?

தேவன்: கிடங்குன்னாலே பயமா இருக்குடா. 2021 ஜூலை கலவரத்துல கார்னூபியால பூச்சிமருந்துக் கிடங்கு எரிஞ்சதே. உம்ஹ்லாங்கா கழிமுகத்துல மீனெல்லாம் செத்து மிதந்துச்சு, கடற்கரையையே மூடிட்டாங்க.

பெரியப்பா: எங்க அப்பாவுக்கு டர்பன் கார்ப்பரேஷன்ல வேலை. மேகசின் பேரக்ஸ் குடியிருப்புல இருந்தவரைக்கும் நடந்தே போவாரு. 60கள்ல நிறவெறிச் சட்டம் போட்டு எங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிட்டாங்க. வீடு கிடைச்சுது, வேலை தூரமாயிடுச்சு. இருட்டோட பஸ் பிடிப்பாரு, இருட்டினப்புறம் வருவாரு. நாங்க பிள்ளைங்க அவரை ஞாயித்துக்கிழமைதான் சரியாப் பாப்போம்.

செல்வி: அதையேதான் பெரியப்பா இப்ப பணம் செய்யுது. என் வீட்டு அவுட்பில்டிங் ரூம்ல குடியிருக்கிற பொண்ணைப் பாருங்க. கேட்வே மால்ல கேஷ் கவுண்டர் வேலை. ரெண்டு ஷேர் டாக்ஸி மாறிப் போய் ராத்திரி ஒன்பதுக்குத்தான் வருது. அதுவரைக்கும் அவ ரெண்டு பிள்ளைங்களும் என் சமையல்கட்டு மேசையிலதான் ஹோம்வர்க். அவ வேலை பாக்கிற இடத்துக்குப் பக்கத்துல அவளால ஒரு ரூம் எடுக்க முடியுமா?

குமரன்: அவங்க ஆர்டிபி வீட்டுக்கு, அரசாங்கம் இலவசமா குடுக்கிறதுக்கு, எழுதலையா சித்தி?

செல்வி: எழுத முடியாதுடா, கணக்கைப் பாரு. 2025 மார்ச்ல குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட் ஆச்சு. வாரம் 45 மணி நேரம்னா மாசம் 5,600 கிட்ட வரும். இலவச வீட்டுக்குக் குடும்ப வருமானமே மாசம் 3,500ஐத் தாண்டக்கூடாது. முழுநேர வேலை கிடைச்சாலே அந்தக் கதவு சாத்திடுது. 22,000 வரைக்கும் சம்பாதிக்கிறவங்களுக்கு வீடு வாங்க அரசாங்கத்தோட ஃபர்ஸ்ட் ஹோம் ஃபைனான்ஸ் மானியம் இருக்கு, சரி. ஆனா 5,600 வாங்குறவ வாங்கற விலையில யாரும் வீடே கட்டலையே! கட்டுறதெல்லாம் கேட் போட்ட எஸ்டேட்.

தேவன்: அதுக்காகச் சின்னச் சின்ன பிளாட்டா கட்டினா நம்ம வீட்டு விலை விழுந்திடும்மா.

செல்வி: அண்ணா, உங்க வீட்டை நீங்க விக்கப்போறதில்ல. உங்க பேத்திக்கு இங்கயே ஒரு வீடு வேணும், அவ சம்பளமும் 20,000ஐத் தாண்டல.

பெரியப்பா: செல்வி சொல்றது சரிதான் தேவா.

தேவன்: சரி, வேண்டாம்னு எழுதலைன்னா வேற என்னதான் எழுதறது?

செல்வி: நிபந்தனை போட்டு எழுதுவோம். ஜொகன்னஸ்பர்க்ல 2019லயே கொள்கை கொண்டுவந்தாங்க. 20 வீடும் அதுக்கு மேலயும் கட்டினா 30 சதவீதம் குறைஞ்ச வருமானக்காரங்களுக்குன்னு ஒதுக்கணும். அதே மாதிரி இங்கயும் வேணும்னு கேப்போம். தண்ணிக் குழாயும் கழிவுநீர்க் குழாயும் முடிச்சப்புறம்தான் குடி ஏறணும். கிடங்கு வேலைல ஃபீனிக்ஸ், வெருலம், வாட்டர்லூ ஆளுங்களுக்கு முதல் இடம்.

குமரன்: டாக்ஸி நிக்க இடமும் சேருங்க சித்தி. கார்கோ பக்கம் ஷிஃப்ட் முடிஞ்சா மழையில நடுரோட்டுலதான் நிக்கறோம்.

செல்வி: சேக்கறேன். ஞாயித்துக்கிழமை கோவில் பூஜை முடிஞ்சதும் கையெழுத்து வாங்கிடலாம். கவுன்சிலருக்கும் ஒரு காப்பி.

தேவன்: கிடங்குல பூச்சிமருந்துச் சரக்கே வைக்கக்கூடாதுன்னு முதல் வரியிலயே போடு. அப்பதான் என் கையெழுத்து.

செல்வி: போட்டாச்சு அண்ணா. குமரா, நோட்டீஸ் படத்துல எர்ஃப் நம்பர், அதான் மனை நம்பர், மங்கலா இருக்கு. நாளைக்கு வேலைக்குப் போறப்ப கம்பத்துகிட்ட நின்னு இன்னொரு படம் எடுத்து அனுப்பு.