கவிதா வீட்டு வியாழன் விருந்து (குடும்ப வாட்ஸ்அப் குழு)

கவிதா: வியாழன் மதியம் 1 மணி, நியூ ஜெர்சி எடிசனில் நம் வீட்டில் தேங்க்ஸ்கிவிங் (அமெரிக்க நன்றி நாள்) விருந்து. மொத்தம் 12 பேர். பிரியாவின் மாமனார் மாமியாரும் அயோவாவிலிருந்து வருகிறார்கள். க்ரீம்டு கார்ன், அதுதான் அந்தப் பால்-க்ரீம் மக்காச்சோளக் கூட்டு, யார் செய்கிறீர்கள்? அது இல்லாமல் அவர்கள் வீட்டில் இலையே போட மாட்டார்களாம். அப்புறம், பெரியப்பா புதன் ராத்திரி நெவார்க் ஏர்போர்ட்டில் இறங்குகிறார். யாராவது கூட்டிவரப் போக வேண்டும்.

கார்த்திக்: சோளம் விளையும் அயோவாக்காரர்களுக்கு நாம் சோளம் சமைப்பதா? திருநெல்வேலிக்கே அல்வாவா அக்கா!

சாந்தி அத்தை: நான் செய்யலாம். போன தீபாவளிக்கு என் பாயசத்தை யாரும் தொடவில்லை. அதுவும் ஞாபகம் இருக்கிறது.

கவிதா: அத்தை 🙏

பிரியா: டப்பா வாங்கிச் சூடு பண்ணினால் போதாதா?

முரளி மாமா: டப்பா வேண்டாம். பெயரில்தான் க்ரீம். பெரும்பாலான டப்பாக்களில் சோளம், தண்ணீர், சர்க்கரை, ஸ்டார்ச், உப்பு, அவ்வளவுதான். 12 பேருக்கு ஒரு பவுண்டு ஃப்ரோசன் கார்ன் பாக்கெட் 3 வாங்கு. வெண்ணெய் 3 மேசைக்கரண்டி உருக்கி, மைதா 3 மேசைக்கரண்டி போட்டுப் பச்சை வாசனை போகும்வரை கிளறு. சிவக்கக் கூடாது. பால் ஒன்றரை கப், ஹெவி க்ரீம் ஒன்றரை கப், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று. மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். சோளத்தில் மூன்றில் ஒரு பங்கை மிக்ஸியில் ஒரே சுற்று, ஒன்றிரண்டாக. அந்த மாவுச்சத்துதான் பதம் கொடுக்கும். மிச்சம் முழுசாக. சர்க்கரை 1 மேசைக்கரண்டி, உப்பு, மிளகு. கரண்டியிலிருந்து வழியும்போதே இறக்கிவிடு, ஆறினால் தானாக இறுகும்.

கார்த்திக்: மாமா, மூச்சு விடுங்கள்.

முரளி மாமா: இன்னொன்று. 1863இல் அதிபர் லிங்கன் இந்தத் தேங்க்ஸ்கிவிங் நாளை அறிவித்தார். நவம்பர் நான்காம் வியாழன் என்று சட்டமானது 1941இல், ரூஸ்வெல்ட் காலத்தில்.

பிரியா: பரீட்சைக்கு வருமா?

கவிதா: மாமா, நீங்கள் வருகிறீர்கள்தானே?

முரளி மாமா: டாலஸிலிருந்து டிக்கெட் விலை பார்த்தாயா?

ராஜி சித்தி: மதுரையில் நடுராத்திரி. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. யாருக்கு என்ன ஆச்சு?

கவிதா: ஒன்றும் இல்லை சித்தி. சோளம்.

ராஜி சித்தி: அதற்கா! கடுகு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டு.

சாந்தி அத்தை: நானும் அதையே சொல்ல வந்தேன்.

பிரியா: வேண்டாம் ப்ளீஸ். மாமியார் போன தடவை ரசத்துக்கே கண் கலங்கினார்.

கார்த்திக்: குடித்தாராவது. பாயசத்துக்கு அந்த யோகமும் இல்லை.

சாந்தி அத்தை: கார்த்திக்.

கார்த்திக்: சும்மா அத்தை.

சாந்தி அத்தை: நெவார்க்கில் இறங்குகிற அண்ணனுக்குப் பால் சேராதே?

முரளி மாமா: அவருக்குத் தனிக் கிண்ணம். வெண்ணெய்க்கு எண்ணெய், பாலுக்கு சோளம் வெந்த தண்ணீர். பாதிச் சோளத்தை மையாக அரைத்தால் க்ரீமே வேண்டாம்.

சாந்தி அத்தை: வான்கோழியில் போட்ட கரண்டி இதில் வரக் கூடாது. இப்போதே சொல்லிவிட்டேன். அப்புறம், மூன்று பவுண்டுக்கு என்னிடம் ஏது பாத்திரம்? அம்மாவின் வெண்கல உருளி இருந்தால் ஆகும். அது எந்த வீட்டில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

கவிதா: பாட்டியே என் கையில் கொடுத்தது அத்தை.

சாந்தி அத்தை: சரி.

ராஜி சித்தி: நான் தூங்கப் போகிறேன்.

கார்த்திக்: நியூயார்க்கில் மேசிஸ் கடையின் தேங்க்ஸ்கிவிங் பலூன் ஊர்வலம், மேசிஸ் பரேடுக்கு யார் யார்? காலை 6க்கே ரயில்.

பிரியா: நான்! போன வருஷம் பலூன் கயிறு மட்டும்தான் தெரிந்தது.

கவிதா: சோளம் முடிவாகட்டும். அத்தை, செய்கிறீர்களா?

சாந்தி அத்தை: 👍

பிரியா: அந்தக் கட்டைவிரல் சோளத்துக்கா, தாளிப்புக்கா?

ராஜி சித்தி: பாதியைத் தாளி, பாதியை அப்படியே வை.

கவிதா: சித்தி, தூங்கவில்லையா? சரி, பெரியப்பாவுக்கு நெவார்க் யார் போகிறீர்கள்? இரண்டு நீல டிக் தெரிகிறது, பதில்தான் இல்லை.